மரக்கிளைக்கு மேல் நூல் ஏற்றும் காற்றுக்குழல்: ஹாம் ரேடியோக்காரர்களுக்கான செய்முறை

ஹாம் ரேடியோவில், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் வானொலியில், 7.1 மெகாஹெர்ட்ஸில் பேசுவதற்கான டைபோல் ஆன்டெனாவின் (நடுவில் கேபிள் இணையும் இரு சம நீளக் கம்பிகள்) நீளம் சுமார் 20 மீட்டர். அதை மொட்டைமாடித் துணிக்கொடி மாதிரி ஆளுயரத்தில் கட்டினாலும் வேலை செய்யும். ஆனால் சக்தியில் பெரும்பங்கு தரையைச் சூடாக்கவே போய்விடும். 10 மீட்டர் உயரத்தில் அந்த இழப்பு வெகுவாகக் குறையும். 20 மீட்டரை நெருங்கினால் அலை தாழ்ந்த கோணத்தில் கிளம்பிக் கடல் தாண்டும். அந்த உயரத்துக்கு டவர் நிறுத்துவது எல்லோராலும் முடியாது. வேம்போ புளியோ தேக்கோ ஏற்கெனவே அங்கே நிற்கிறது. அதன் உச்சிக்கிளை மேல் ஒரு கயிற்றை ஏற்றிவிட்டால் போதும்.

8 மீட்டர் வரை உள்ள கிளைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். கால் கிலோ மணலைத் துணியில் முடிந்து, கையைத் தாழ ஆட்டி வீசினால் போய்விடும். அதற்கு மேல் 15 மீட்டர் வரை கவட்டையும் 40, 50 கிராம் ஈயக்குண்டும் நன்றாகவே உதவும். சிக்கல் குண்டு மேலே போவதில் இல்லை, கீழே வருவதில்தான். அடர்ந்த புளியமரத்தில் 50 கிராம் குண்டு இலைக்கொத்தில் உட்கார்ந்துவிடும். பின்னால் வரும் நூலை இழுத்துக்கொண்டு இறங்க அதற்குக் கனம் போதாது. காற்றுக்குழல் தேவைப்படுவது இதற்காகத்தான். தொட்டியில் அடைத்த காற்றைச் சட்டென்று திறந்துவிட்டு, நூல் கட்டிய டென்னிஸ் பந்தை எறியும் கருவி இது. 130 கிராம் எடையை அதே உயரத்துக்குச் சிரமமில்லாமல் அனுப்பும்.

அமெரிக்க ஹாம்களிடம் இந்தக் கருவி பல வடிவங்களில் புழங்குகிறது. பெரும்பாலும் பிவிசி குழாயில் செய்வார்கள். புல்வெளிக்கு நீர் தெளிக்கும், மின்சாரத்தால் திறக்கும் சோலனாய்டு வால்வைக் காற்றுத் திறப்பானாக வைப்பார்கள். வால்வு யோசனை நல்லது. காற்றுத் தொட்டியைப் பிவிசியில் செய்வது நல்லதல்ல. குழாயில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு தண்ணீருக்கானது. தண்ணீர் நிரம்பிய குழாய் வெடித்தால் அழுத்தம் அந்த நொடியே அடங்கிவிடும். காற்று நிரம்பிய குழாய் வெடித்தால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து, உடைந்த சில்லுகளை வீசியெறியும். தரைக்கு மேல் அழுத்தக் காற்றைக் கொண்டுசெல்லப் பிவிசி குழாயைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1988-இலேயே எச்சரித்தது. வெயிலில் கிடந்த பிவிசி இன்னும் நொறுங்கும். எனவே தொட்டி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில்தான். கனம் கூடும், ஆனால் இது தோளில் தூக்கிச் சுடும் கருவி அல்ல, தரையில் ஊன்றி வைப்பது.

தேவையானவை

காற்றுத் தொட்டிக்கு 2 அங்குல ஜிஐ குழாய், 50 செ.மீ. நீளம், இரு முனையிலும் மரை போட்டது. பிளம்பிங் கடையிலேயே வெட்டி மரை போட்டுத் தருவார்கள். ஒரு முனைக்கு 2 அங்குல ஜிஐ மூடி. மறுமுனைக்கு 2-க்கு 1 அங்குல ரெடியூசர் (பெரிய குழாயைச் சின்னதோடு சேர்ப்பது), 1 அங்குல நிப்பிள் (இரு முனையும் மரை போட்ட குட்டைக் குழாய்), அதில் 1 அங்குலப் பித்தளை பால் வால்வு. கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் முழுதாகத் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். பல சுற்றுத் திருகித் திறக்கும் கேட் வால்வு இதற்கு ஆகாது.

காற்று ஏற்ற, நட்டு வைத்து இறுக்கும் உலோக டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்று. முழுதும் ரப்பராலான வால்வு மெல்லிய ரிம் தகட்டுக்காகச் செய்தது. ஜிஐ மூடியின் தடிமனில் சரியாக உட்காராது. முதலில் வால்வை வாங்கிக்கொண்டு, அதன் அளவுக்கு மூடியின் நடுவில் துளை போடச் சொல்லுங்கள். அளவுமானி பொருத்திய சைக்கிள் பம்பும் வேண்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரை இதன் பக்கமே கொண்டுவர வேண்டாம், கண் இமைப்பதற்குள் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) தாண்டிவிடும்.

பந்து ஓடும் குழல் மட்டும் பிவிசி: 75 மி.மீ. குழாய், 6 கிலோ அழுத்த வகை, 90 செ.மீ. நீளம். ஒரு முனை எப்போதும் திறந்திருப்பதால் இதில் அழுத்தம் ஒரு கணம்தான் நிற்கும். ஆனாலும் மெலிந்த கழிவுநீர்க் குழாயை வாங்காதீர்கள். பந்து சிக்கிக்கொண்டால் தொட்டியின் அழுத்தம் அடிப்பகுதியில் தேங்கும். கடைக்குப் போகும்போது கையோடு ஒரு டென்னிஸ் பந்தை எடுத்துப் போங்கள். பந்தின் விட்டம் 6.54-இலிருந்து 6.86 செ.மீ. வரை இருக்கலாம், குழாயின் உள்விட்டமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். குழாயை நிமிர்த்தி, அடியை உள்ளங்கையால் அடைத்து, மேலிருந்து பந்தைப் போடுங்கள். மெத்தையில் இறங்குவது போல மெல்ல இறங்கினால் பொருத்தம் சரி. தொப்பென்று விழுந்தால் காற்று ஓரமாகக் கசியும். எறி உயரம் குறையுமே தவிர வேலை நடக்கும். அழுத்தித் தள்ளினால்தான் போகும் என்றால் அந்தக் குழாய் வேண்டாம்.

குழலை வால்வோடு சேர்க்க 32 மி.மீ. பிவிசி எம்டிஏ (ஒரு பக்கம் வெளிமரை உள்ள இணைப்பு) ஒன்றும், அதிலிருந்து 75 மி.மீ. வரை ஏற்றும் ரெடியூசர்களும். ஒரே ரெடியூசராகக் கிடைக்காவிட்டால் இரண்டை அடுக்கலாம். பிவிசி பசை, டெஃப்லான் டேப், ஐந்தரை அடி நீள மரச்சட்டம், யு-கிளாம்ப் நான்கு.

பூட்டும் முறை

ஜிஐ மரைகள் எல்லாவற்றுக்கும் டெஃப்லான் டேப்பைப் பன்னிரண்டு சுற்றாவது சுற்றுங்கள். பழைய பிளம்பர்கள் சணலும் வெள்ளைப் பெயின்ட்டும் வைப்பார்கள். காற்றுக்கு அது இன்னும் நன்றாக அடைக்கும், ஆனால் ஒருநாள் காய வேண்டும். இரண்டு பைப் ரிஞ்சுகளை எதிரெதிராகப் பிடித்து இறுக்குங்கள். பால் வால்வைக் கடைசியாகப் பூட்டும்போது அதன் கைப்பிடியைப் பின்னோக்கி, அதாவது தொட்டிப் பக்கமாக, இழுத்தால் திறக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தக் கைப்பிடியில்தான் கயிறு கட்டப்போகிறோம்.

பிவிசி குழலை இணைப்பதற்கு முன் தொட்டியைச் சோதியுங்கள். வால்வைத் திறந்து தொட்டி முழுக்கத் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி தங்காமல் தட்டி வெளியேற்றி, வால்வை மூடுங்கள். பிறகு பம்பால் 80 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். நாம் பயன்படுத்தப்போகும் உச்ச அளவு 40, இது அதற்கு இரண்டு மடங்கு. தண்ணீர் அமுங்காது என்பதால் பலவீனமான இடம் இருந்தால் சொட்டு விடும், சிதறாது. பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். சொட்டு தெரிந்தால் மேலே மேலே இறுக்கிப் பார்க்காமல் கழற்றி, டேப்பை மாற்றிச் சுற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இதே சோதனை. உள்ளே துரு பிடிக்காமலிருக்கச் சோதனை முடிந்ததும் தண்ணீரை வடித்து வெயிலில் காயவைக்க வேண்டும்.

எம்டிஏ, ரெடியூசர், குழல் மூன்றையும் பசையிட்டு ஒட்டி ஒருநாள் முழுக்க விடுங்கள். பசை காயுமுன் அவசரப்படுவதுதான் மூட்டு கழன்றுபோவதற்கு வழக்கமான காரணம். எம்டிஏ-யைப் பித்தளை வால்வில் திருகும்போது கையால் இறுக்கி, அதற்கு மேல் ஒரு சுற்று போதும். பிளாஸ்டிக் மரையை ரிஞ்சால் முறுக்கினால் மயிரிழை விரிசல் விடும், கண்ணுக்குத் தெரியாது.

இப்போது தொட்டி, வால்வு, குழல் எல்லாம் ஒரே நேர்கோட்டில் ஐந்தரை அடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அப்படியே தூக்கினால் மொத்தக் கனமும் அந்தப் பிளாஸ்டிக் மரையில் விழுந்து ஒடியும். அதற்குத்தான் மரச்சட்டம். தொட்டிக்கு இரண்டு, குழலுக்கு இரண்டு என்று கிளாம்ப் போட்டு முதுகெலும்பு மாதிரி பிணைத்துவிடுங்கள். சட்டத்தின் மேற்பாதியில் ஒரு முக்காலியோ இரண்டு கம்புகளோ முட்டுக்கொடுக்க, அடிப்பகுதி மண்ணில் ஊன்றி நிற்கும். தீபாவளி ராக்கெட்டைப் பாட்டிலில் சாய்த்து வைப்பது போலத்தான், சாய்வை நாம் தீர்மானிக்கலாம்.

கைப்பிடியைத் திருப்பும் வேகம் முக்கியம். மெல்லத் திறந்தால் காற்று பந்தைத் தள்ளாமல் ஓரமாக வழிந்துவிடும். புது வால்வு விறைப்பாக இருக்கும். வெறுமனே ஐம்பது தடவை திறந்து மூடினால் இளகும். கைப்பிடி நுனியில் மூன்று மீட்டர் கயிறு கட்டி, பின்னால் தள்ளி நின்று வெடுக்கென்று இழுங்கள். இது கைக்குப் போதவில்லை என்பவர்கள் சொட்டுநீர்ப் பாசனக் கடையில் கிடைக்கும் 1 அங்குல, 24 வோல்ட் சோலனாய்டு வால்வைப் போடலாம். 9 வோல்ட் பேட்டரி மூன்றைத் தொடராக இணைத்து ஒரு பொத்தான் வைத்தால் திறந்துவிடும். வால்வின் மேலுள்ள அம்புக்குறி தொட்டியிலிருந்து குழலை நோக்கி இருக்க வேண்டும்.

பந்தும் நூலும்

எறி உயராமல் போவதற்கும் நூல் அறுவதற்கும் குழலைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தப்பு நூலில் இருக்கும்.

வெறும் டென்னிஸ் பந்து 56-இலிருந்து 59 கிராம். அதில் இரண்டு செ.மீ. கீறி, பாலிதீன் பையில் கட்டிய 70 கிராம் மணலைத் திணித்து, பஞ்சர் பசையால் ஒட்டுங்கள். கோணி ஊசியில் 2 மி.மீ. நைலான் கயிறு கோத்துப் பந்தின் குறுக்கே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இழுங்கள். ஒரு முனையில் வாஷர் போட்டு முடிச்சு, மறுமுனையில் ஒரு கண்ணி. எவ்வளவு இழுத்தாலும் வாஷர் பந்தையே பிடிக்கும், ரப்பர் கிழியாது. கார்க் பந்து, கல், இரும்புக் குண்டு எதுவும் கூடாது. மணல் பந்தே 20 மீட்டரிலிருந்து தலையில் விழுந்தால் மண்டை கலங்கும்.

நூலுக்கு 0.40 மி.மீ. தங்கூஸ் (மீன்பிடிக்கும் ஒற்றை இழை நைலான் நூல்), 100 மீட்டர். இதன் தாங்குதிறன் சுமார் 10 கிலோ. கண்ணியில் நேரே கட்டாமல், இடையில் 1 மி.மீ. தங்கூஸ் ஒரு மீட்டர் போடுங்கள். பந்து குழலை விட்டு வெளியேறும் கணத்தில் வரும் வெட்டு இழுப்பை அந்தத் தடித்த நூல் வாங்கிக்கொள்ளும். பின்னல் நூல் வலுவானதுதான், ஆனால் கிளையின் பட்டையில் அறுத்துக்கொண்டு இறங்கிச் சிக்கிவிடும்.

நூல் தடையில்லாமல் விரிய வேண்டும். மீன்பிடிக்கும் ஸ்பின்னிங் ரீல் நல்லது: அதில் உருளை சுழலாது, நூல் மட்டும் முன்பக்கமாகச் சுருள் சுருளாகக் கழன்று வரும். அதைக் குழலின் வாய்க்குக் கீழே, முன்னோக்கிப் பார்க்கச் சட்டத்தில் கட்டுங்கள். உருளை சுழன்று நூல் விடும் ரீலோ காற்றாடி லட்டாயோ வேண்டாம். பந்து நின்ற பிறகும் உருளை சுற்றி நூலைப் பறவைக்கூடாக்கிவிடும். ரீல் இல்லையென்றால் வழவழப்பான இரண்டு லிட்டர் பாட்டிலில் நெருக்கமாகச் சுற்றி, பாட்டிலின் வாய்ப்பக்கத்தை மரத்தை நோக்கி நீட்டி வைத்தாலும் நூல் கழன்று வரும். ரீலின் வளையக் கம்பியைத் திறக்க மறப்பது எல்லோரும் செய்யும் தவறு. மறந்தால் நூல் அறும், பந்து ஊர் தாண்டும்.

பந்தைக் குழலில் இறக்கும்போது கண்ணி மேலே, குழலின் வாயைப் பார்த்து இருக்கட்டும். கண்ணி அடியில் போனால் நூல் பந்துக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கித் தேயும்.

இடம் பார்ப்பது

முதலில் அண்ணாந்து பாருங்கள். மின்கம்பி இருக்கிறதா? பந்து எந்தத் திசையில் தப்பிப் போனாலும், எவ்வளவு தூரம் போனாலும் கம்பியைத் தொட வழியிருக்கக் கூடாது. மேலே ஏற்றப்போகும் ஆன்டெனா அறுந்து எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அப்படித்தான். இந்த இரண்டில் ஒன்று சந்தேகம் என்றாலும் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். மீறி நூல் மின்கம்பியில் மாட்டிக்கொண்டால் அதை இழுக்கக் கூடாது, தொடவும் கூடாது. ஈரமான நூல் மின்சாரம் கடத்தும். மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

அடுத்தது தேனடை. உயர்ந்த மரங்களின் மேல்கிளைகளில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும், கீழிருந்து பார்த்தால் காய்ந்த மட்டை போலத் தெரியும். பந்து அதில் பட்டால் ஓடி ஒளிய இடமிருக்காது. பைனாகுலரில் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது வீணில்லை. வௌவால் தொங்கும் மரமும் பறவைக் கூடுள்ள கிளையும் வேண்டாம்.

தென்னை உயரம்தான், ஆனால் கயிறு தங்கக் கிளை கிடையாது. மட்டையில் மாட்டினால் மட்டை விழும்போது ஆன்டெனாவும் விழும். முருங்கை சொல்லாமல் ஒடியும். வேம்பும் புளியும் நல்ல தேர்வு. உச்சி நுனியைக் குறிவைக்காமல் அதற்கு இரண்டு மூன்று மீட்டர் கீழே, கையளவு தடித்த கிளையின் கவட்டைக் குறிவையுங்கள்.

வேலையைக் காலை ஆறிலிருந்து எட்டுக்குள் முடியுங்கள். கடலோர ஊர்களில் பகல் ஏறக் கடல்காற்று எழுந்து, நூலைப் பாய்மரம் போலத் தள்ளும். இந்தக் குழல் பார்க்கச் சின்னப் பீரங்கி மாதிரி இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பொது இடமென்றால் அனுமதி வாங்கிய பிறகுதான்.

எறிவது

15 மீட்டர் உயரக் கிளைக்குப் பந்து 18 மீட்டர் எழும்பினால் போதும். குழலைத் தரையிலிருந்து 70 டிகிரி சாய்வில் வைத்தால், பந்து தன் உச்சியைத் தொடும் இடம் எழும்பும் உயரத்தில் முக்கால் பங்கு தூரத்தில் அமையும். அதாவது மரத்திலிருந்து 13 மீட்டர் தள்ளிக் குழலை ஊன்ற வேண்டும். பந்து மரத்துக்கு அப்பால் கிட்டத்தட்ட அதே தூரத்தில் விழும். அந்தப் பக்கம் 40 மீட்டர் வரை ஆள், ஆடுமாடு, வண்டி, கூரை எதுவும் இருக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்தில் ஒருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்துக்கொள்ளட்டும். இருவருக்கும் கண்ணாடியும் ஹெல்மெட்டும்.

வால்வு மூடியிருக்கிறதா, அளவுமானி பூஜ்யமா என்று பாருங்கள். பந்தை இறக்குங்கள். ரீல் கம்பியைத் திறந்து, நூல் எதிலும் மாட்டாமல் வாயிலிருந்து ரீலுக்குத் தளர்வாக வருகிறதா என்று சரிபாருங்கள். இதற்குப் பிறகுதான் பம்ப். வரிசை மாறக் கூடாது. காற்று ஏற்றிய குழலின் வாய்க்கு எதிரே கையோ முகமோ போகவே கூடாது.

முதல் எறி 15 பிஎஸ்ஐ. போதவில்லையென்றால் ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். 15 மீட்டர் கிளைக்குப் பெரும்பாலும் 20, 25-லேயே காரியம் முடிந்துவிடும். உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால் 18 மீட்டர் எழும்ப, 70 டிகிரியில் பந்துக்கு வேண்டிய வேகம் நொடிக்கு 20 மீட்டர்தான். 40-ஐத் தாண்டவே வேண்டாம். 40-லும் போகவில்லையென்றால் பந்து தளர்வு, வால்வு மெதுவாகத் திறப்பது, நூல் சிக்கல் இந்த மூன்றில் ஒன்று; அழுத்தம் அதற்கு மருந்தல்ல.

நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் பம்ப் குழாயைக் கழற்றி, டயர் வால்வின் ஊசியைப் பின்னாலிருந்து அழுத்திக் காற்றை முழுதும் இறக்கிவிட்ட பிறகே முன்பக்கம் போங்கள். காற்றைத் தவிர வேறெதையும் உள்ளே ஏற்றக் கூடாது: கேஸும் கூடாது, ஸ்பிரேயும் கூடாது.

பந்து தப்பான கிளையில் விழுந்தால் அதை நூலோடு சேர்த்துப் பின்னுக்கு இழுக்காதீர்கள். கிளையை நெருங்கும்போது பந்து சுழன்று நூலைச் சுற்றிக்கொள்ளும், பிறகு அவிழாது. பந்து இறங்கிய இடத்துக்குப் போய் அதை வெட்டி எடுத்துவிட்டு, முடிச்சில்லாத வெறும் நூலை ரீலில் சுற்றுங்கள். பாதியில் தொங்கினால் நூலைத் தளர்த்தி விட்டு விட்டு ஆட்டினால் மெல்ல இறங்கும். இறங்கவே இல்லையென்றால் மணலை இன்னும் 20 கிராம் கூட்டி மறுபடி எறிய வேண்டியதுதான். அறுந்த தங்கூஸை மரத்தில் விடாமல் முடிந்தவரை எடுத்துவிடுங்கள், பறவைக் கால்களை அது அறுக்கும்.

கயிறு மாற்றுவது

பந்து தரைக்கு வந்ததும் தங்கூஸ் முனையில் 2 மி.மீ. பின்னல் நூலைக் கட்டி இழுங்கள். அதன் பின்னால் 5 மி.மீ. பாலியஸ்டர் கயிறு. ஒவ்வொரு முடிச்சையும் இன்சுலேஷன் டேப்பால் கேரட் மாதிரி கூம்பாகச் சுற்றினால் கவட்டில் தட்டி நிற்காது. தங்கூஸை வெறுங்கையால் இழுக்க வேண்டாம், கையுறை போடுங்கள். கடையில் கிடைக்கும் பச்சை, நீலப் பிளாஸ்டிக் கயிறு மலிவு. ஆனால் வெயிலில் தும்பு தும்பாக உதிர்ந்துவிடும். நைலான் நனைந்தால் நீளும்.

பாலியஸ்டர் கயிற்றின் நுனியில் ஒரு சின்னக் கப்பியைக் கட்டி, கப்பிக்குள் இன்னொரு கயிற்றை முன்பே கோத்து வைத்துவிட்டு மேலே ஏற்றுங்கள். அந்த இரண்டாவது கயிற்றின் இரு முனையும் உங்கள் கையில் இருக்கும். ஒன்றில் ஆன்டெனாவைக் கட்டி, மற்றதை இழுத்து ஏற்றலாம், தளர்த்தி இறக்கலாம். ஆன்டெனாவை இறக்கிப் பழுது பார்த்து ஏற்ற மறுபடி எறிய வேண்டியதில்லை. அந்த இழுக்கும் முனையை நேரே மரத்தடியில் கட்டினால் காற்றில் மரம் ஆடும்போது கம்பி அறும். அங்கே ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிடுங்கள். மரம் சாய்ந்தால் கேன் ஏறும், நிமிர்ந்தால் இறங்கும், கம்பியில் இழுவிசை ஐந்து கிலோவைச் சுற்றியே நிற்கும். கேன் ஏறி இறங்க இரண்டு மீட்டராவது இடம் விட்டு, ஆள் நடமாட்டமில்லாத பக்கமாகத் தொங்கட்டும்.

கம்பி இலையில் உரசாமல், கயிறு முடிந்து இன்சுலேட்டர் தொடங்கும் இடம் மரத்தின் விரிப்புக்கு ஒரு மீட்டராவது வெளியே நிற்க வேண்டும். இலை ஈரமாகும்போது எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எண்) தாறுமாறாக ஆடினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். வருடத்துக்கு இரண்டு முறை, குறிப்பாக வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், கயிற்றை இரண்டடி நகர்த்துங்கள். ஒரே இடத்தில் உரசினால் கயிறும் தேயும், கிளையின் பட்டையும் கயிற்றை விழுங்கத் தொடங்கும். இடி முழங்கும் நாளில் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.